பைக் லைட், இண்டிகேட்டர், ஹாரன் கோளாறுகள்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஸ்ப்ளெண்டர், பேஷன், ஷைன், பல்சர், அப்பாச்சி மாதிரி நம்ம ஊர்ல தெனமும் ஓடுற வண்டிகள மனசுல வச்சு எழுதினது இது. பெரிய சூப்பர் பைக்குக்கெல்லாம் அப்படியே பொருந்தாது. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், லைட் எரியலன்னு வர்ற வண்டில பாதிக்கு மேல பல்ப்போ சாமானோ போயிருக்காது, எங்கயோ ஒரு கப்ளர் (ஒயர்கள சேக்குற பிளாஸ்டிக் பிளக்) லூசா இருக்கும், இல்லன்னா எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்கு திரும்பிப் போற வழி) விட்டிருக்கும். அதனால கடைக்குப் போய் பிளாஷர் (இண்டிகேட்டர விட்டு விட்டு எரிய வைக்கறது), ஆர்ஆர் யூனிட் (சார்ஜிங் வோல்டேஜ கட்டுப்படுத்தறது)னு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க.

கேள்வி: என்னென்ன சாமான் கைல இருக்கணும்?

ஒரு சாதா மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, ரெண்டு மூணு ஸ்பேர் பியூஸ், நல்ல இன்சுலேஷன் டேப். டெஸ்ட் லேம்ப் காசு குடுத்து வாங்க வேணாம், பழைய 10 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒண்ணு ஹோல்டரோட எடுத்து ரெண்டு ஒயர் இழுத்து முனைல முதலை கிளிப் போட்டா முடிஞ்சது.

மீட்டர் இருக்கும்போது டெஸ்ட் லேம்ப் எதுக்குன்னு கேப்பீங்க. ஒரு ஒயர் உள்ளுக்குள்ள அறுந்து ஒத்த இழை மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு வைங்க, அந்த முனைல மீட்டர் வச்சா 12.4 வோல்ட் ஜம்முனு காட்டும், ஏன்னா மீட்டர் கரண்ட் இழுக்கறதே இல்ல, ஆனா அதே எடத்துல பல்ப் போட்டா எரியாது, ஒத்த இழை வழியா அந்தளவு கரண்ட் வராது. மீட்டர் நல்லாருக்குன்னு சொல்லுது லைட் எரியலன்னு மண்டைய பிச்சுக்கிறவங்க முக்காவாசி பேரு இதுலதான் மாட்டிருப்பாங்க. மீட்டர் வச்சே பாக்கணும்னா பல்ப் மாட்டி சுவிட்ச் ஆன்ல இருக்கும்போது கப்ளரோட பின்னாடி பக்கமா குத்திப் பாருங்க, லோடுல 12 வோல்ட் 8 ஆ எறங்குச்சுன்னா வழில எங்கயோ கான்டாக்ட் மோசம். ஆனா பிஎஸ்6 எஃப்ஐ வண்டில (கார்புரேட்டர் இல்லாம கம்ப்யூட்டர் கணக்குல பெட்ரோல் அடிக்கற வண்டி) ஈசியு (அந்த கம்ப்யூட்டர்தான்), சென்சார் ஒயர்ல எல்லாம் டெஸ்ட் லேம்ப்ப கொண்டு போகாதீங்க, அங்க மீட்டர் மட்டும்தான்.

கேள்வி: எங்கிருந்து ஆரம்பிக்கறது?

கூட வேற என்ன வேலை செய்யலன்னு பாருங்க. ஒரே ஒரு இண்டிகேட்டர் எரியலன்னா அந்த பல்ப், ஹோல்டர், அதோட எர்த், அவ்வளவுதான் வட்டம். லெஃப்ட் சைடு முன்னாடி பின்னாடி ரெண்டும் போச்சு, ரைட் நல்லா இருக்குன்னா ஹேண்டில் சுவிட்ச் இல்ல அந்த பக்க ஒயர். நாலும் போச்சு ஆனா ஹாரனும் பிரேக் லைட்டும் ஓகேன்னா பிளாஷர் பக்கம் போங்க. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மொத்தமும் செத்துப் போச்சுன்னா பியூஸ், பேட்டரி டெர்மினல், சாவி சுவிட்ச் கப்ளர்.

பேட்டரி வோல்ட் பாத்துட்டுதான் மத்தது. வண்டி நிறுத்தி கொஞ்ச நேரம் ஆனப்புறம் 12.6க்கு மேல இருந்தா புல் சார்ஜ், 12.2 பக்கம் இருந்தா பாதி, 11.8க்கு கீழ போயிட்டா அது காலி. காலி பேட்டரிய வச்சுக்கிட்டு இண்டிகேட்டர் ஏன் மெதுவா அடிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணி பிரயோஜனம் இல்ல.

கேள்வி: பழைய ஸ்ப்ளெண்டர்ல வண்டி ஸ்டார்ட் பண்ணாம ஹெட்லைட் எரிய மாட்டேங்குது, ஐட்லிங்ல மங்குது. என்ன கோளாறு?

கோளாறே இல்ல. அந்த வண்டிகள்ல ஹெட்லைட்டும் டேஞ்சர் லைட்டும் (பின்னாடி எரியற சிவப்பு லைட்) மேக்னட் காயில்ல (இன்ஜின் சுத்தும்போது கரண்ட் உண்டாக்குற காயில்) இருந்து நேரா ஏசி கரண்ட்ல எரியுது. பேட்டரிக்கு அதுல வேலை இல்ல. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மட்டும்தான் பேட்டரி. அதனால இன்ஜின் ஓடினாத்தான் வெளிச்சம், ஆக்சிலேட்டர் முறுக்கினா கூடும், சிக்னல்ல நின்னா மங்கும். முறுக்கினாலும் மங்கலாவே இருந்தா அப்பத்தான் கவலைப்படணும், அப்ப பல்ப் கப்ளர், டிம் டிப் சுவிட்ச், எர்த், மேக்னட்ல இருந்து வர்ற ஒயரோட கப்ளர்னு வரிசையா பாருங்க. எல்லாத்துக்கும் முன்னாடி டூம் கண்ணாடி மஞ்சளாகி ரிப்ளெக்டர் வெளுத்திருக்கான்னு ஒரு பார்வை பாத்துடுங்க, அது போயிருந்தா எந்த பல்ப் போட்டாலும் ரோடு தெரியாது.

கேள்வி: புது வண்டில ஹெட்லைட் ஆஃப் பண்ண சுவிட்சே இல்லையே?

2017 ஏப்ரல் 1ல இருந்து இந்தியால விக்கிற டூவீலர் எல்லாத்துக்கும் இன்ஜின் ஓடும்போது லைட் தானா எரியணும்னு சட்டம், ஏஎச்ஓ (ஆட்டோமேட்டிக் ஹெட்லேம்ப் ஆன்)ன்னு சொல்லுவாங்க. எதிர்ல வர்றவரு விரல குவிச்சு விரிச்சு லைட் எரியுதுன்னு சைகை காட்டினா சிரிச்சுட்டுப் போங்க. இதுக்குன்னு தனியா சுவிட்ச் போட்டுத் தரேன்னு ஒயர வெட்டுறவங்க கிட்ட வண்டிய குடுக்காதீங்க, அந்த ஜாயின்ட்தான் பின்னாடி மழைக்காலத்துல வேலை வைக்கும், வாரன்ட்டிலயும் தகராறு வரும்.

கேள்வி: ஹை பீம் எரியுது, லோ எரியல. இல்ல ரெண்டும் எரியல.

ஒண்ணு மட்டும் போச்சுன்னா பல்ப்ல அந்த இழை போயிருக்கும், கண்ணால பாத்தாலே தெரியும். இழை நல்லா இருந்தா டிப் சுவிட்ச், சுவிட்ச்ச மெதுவா நடுவுல நிறுத்தி ஆட்டினா எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சா உள்ள கான்டாக்ட் கருகிருக்கு, கழட்டி கிளீனர் அடிச்சு லேசா தேய்ச்சா பெரும்பாலும் சரியாகிடும். ரெண்டு இழையும் ஒண்ணா போறது அபூர்வம், அப்படிப் போயிருந்தா பல்ப் மேல பழிய போடாம அடுத்த கேள்விய படிங்க. பல்ப்ல ரெண்டு இழையும் நல்லா இருந்தும் ரெண்டும் எரியலன்னா பல்ப் பின்னாடி இருக்குற கப்ளர புடுங்கி பாருங்க, ஒரு பின் பழுப்பேறி பிளாஸ்டிக் உருகிருக்கும். அப்படி இருந்தா கப்ளர மாத்திடுங்க, நசுக்கி டைட் பண்ணி ஓட்டினா திரும்ப உருகும். ஆலசன் பல்ப் மாட்டும்போது கண்ணாடி மேல விரல் பட வேணாம், எண்ணெய் பிசுக்கு பட்ட எடம் சூடேறி சீக்கிரம் போயிடும், தெரியாம பட்டுட்டா ஸ்பிரிட் வச்சு தொடச்சிடுங்க.

கேள்வி: மாசத்துக்கு ஒரு பல்ப் போகுது. கம்பெனி பல்ப்தான் போடறேன்.

ஆர்ஆர் யூனிட்ட சந்தேகப்படுங்க, அதாவது ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், அலுமினிய பிளேட்டுல பள்ளம் பள்ளமா இருக்கும் பாருங்க அது. பேட்டரில மீட்டர் வச்சு வண்டிய ஸ்டார்ட் பண்ணி 4000, 5000 ஆர்பிஎம் வரைக்கும் முறுக்குங்க. 13.5ல இருந்து 14.5க்குள்ள நின்னா நல்லது. 15 தாண்டி ஏறிக்கிட்டே போனா ஆர்ஆர் போச்சு, இல்லன்னா அதோட எர்த் விட்டிருக்கு, பல்ப் மட்டுமில்ல பேட்டரியும் கொதிச்சு உப்பிடும். பழைய ஏசி ஹெட்லைட் வண்டில ஹெட்லைட் மட்டும் அடிக்கடி போகுதுன்னா பேட்டரில அளந்தது பத்தாது, மீட்டர ஏசிக்கு மாத்தி ஹெட்லைட் கப்ளர்லயே அளக்கணும். முறுக்கியும் 13க்கு மேல ஏறலன்னா அது எதிர்ப்பக்க பிரச்சனை, சார்ஜ் ஏறல, மேக்னட் காயில் இல்ல கப்ளர்.

இன்னொரு காரணமும் இருக்கு, பேட்டரி டெர்மினல் லூசு. ஓடிக்கிட்டு இருக்கும்போது பேட்டரி கனெக்ஷன் விட்டுவிட்டு பட்டா வோல்டேஜ் எகிறும், இருக்குற பல்ப் எல்லாம் ஒரே நேரத்துல போயிடும். பேட்டரி இல்லாம கிக்கர் அடிச்சு ஓட்டலாம்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க, எஃப்ஐ வண்டின்னா ஈசியுவே போக வாய்ப்பு இருக்கு.

கேள்வி: பிரேக் புடிச்சா இண்டிகேட்டரும் சேந்து லேசா மினுக்குது. பேய் புடிச்ச மாதிரி இருக்கு.

இதுதான் எர்த் கோளாறுக்கு அசல் அடையாளம். பின்னாடி டேஞ்சர் லைட், பிரேக் லைட், ரெண்டு இண்டிகேட்டர் எல்லாத்துக்கும் பெரும்பாலும் ஒரே எர்த் ஒயர்தான். அது விட்டுப் போச்சுன்னா பிரேக் பல்ப்புக்குள்ள வந்த கரண்ட் வெளிய போக வழி தேடும், பக்கத்துல இண்டிகேட்டர் பல்ப் இருக்கு, அதுக்குள்ள தலைகீழா புகுந்து இண்டிகேட்டர் ஒயர் வழியா முன்னாடி வந்து முன் இண்டிகேட்டர் பல்ப்ப தாண்டி அங்க இருக்குற நல்ல எர்த்த புடிக்கும். மூணு பல்ப் ஒரே வரிசைல மாட்டின மாதிரி ஆயிடுறதாலதான் எல்லாமே மங்கலா எரியுது. இத புரிஞ்சுக்கிட்டா அப்புறம் எந்த வண்டில ஒண்ண அமுக்குனா வேற ஒண்ணு எரியுதுன்னு வந்தாலும் முதல்ல எர்த்ததான் தேடுவீங்க.

உறுதி பண்ண சுலபமான வழி, ஒரு நீள ஒயர எடுத்து ஒரு முனைய பேட்டரி மைனஸ்ல வச்சு இன்னொரு முனைய எரியாத பல்ப் ஹோல்டரோட எர்த்துல தொடுங்க. பளிச்சுன்னு எரிஞ்சா முடிஞ்சது. மீட்டர் வச்சிருந்தா லைட் ஆன்ல இருக்கும்போது பேட்டரி மைனஸ்ல கருப்பு முனை, ஹோல்டர் எர்த்துல சிவப்பு முனை, 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும், ஒரு வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த வழி மோசம். அப்புறம் அந்த எர்த் ஒயர் சேஸ்ல எங்க போல்ட் போட்டிருக்குன்னு தேடி கழட்டுங்க, அடில துருவும் பச்சைப் பூப்பும் படிஞ்சிருக்கும். உப்புத்தாள் வச்சு இரும்பு பளபளன்னு தெரியற வரைக்கும் தேய்ச்சு, முடுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவி விடுங்க. தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்துல ஓடுற வண்டிக்கு இது அடிக்கடி வரும், உப்புக் காத்து விடாது. சேஸ்க்கு புதுசா பெயின்ட் அடிச்ச வண்டிக்கும் வரும், பெயின்ட் மேலயே போல்ட் போட்டு முடுக்கிருப்பாங்க.

கேள்வி: இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் படபடன்னு வேகமா அடிக்குது, இல்லன்னா எரிஞ்சு நின்னுடுது.

அந்தப் பக்கம் ஒரு பல்ப் போயிருக்கு, இல்லன்னா வாட் கம்மியான பல்ப் மாட்டிருக்கு. லோடு குறைஞ்சா சில பிளாஷர் வேகமா அடிக்கும், சிலது அடிக்காம நின்னு எரியும். நிமிஷத்துக்கு 60ல இருந்து 120 தடவைக்குள்ள அடிச்சா சரி.

நாலுமே எரியலன்னா பிளாஷர் கப்ளர கழட்டி, வர்ற கரண்ட் ஒயரையும் சுவிட்ச்சுக்குப் போற ஒயரையும் ஒரு துண்டு ஒயரால சேருங்க, பிளாஷர்லயே பின்னுக்கு பின் பி, எல்னு எழுதிருக்கும். மூணு பின் பிளாஷர்னா மூணாவது எர்த், அத தொட்டுடாதீங்க, பியூஸ் போயிடும். இப்ப இண்டிகேட்டர் சுவிட்ச் லெஃப்ட்ல போட்டா லெஃப்ட் ரெண்டும் அடிக்காம நின்னு எரியணும். எரிஞ்சா பிளாஷர் போச்சு, புதுசு வாங்குங்க. எரியலன்னா பிளாஷர் நல்லாவே இருக்கு, கரண்ட் வரலையா சுவிட்ச் கெட்டுச்சான்னு பாருங்க.

கேள்வி: எல்ஈடி இண்டிகேட்டர் மாட்டினதுல இருந்து ஒரு பக்கம் போட்டா நாலும் அடிக்குது!

முதல் விஷயம் பிளாஷர். எல்ஈடி ரொம்ப கம்மியா கரண்ட் இழுக்கும், பழைய பிளாஷருக்கு ஏதோ பல்ப் போயிட்ட மாதிரி தோணும், அதனால எல்ஈடி பிளாஷர்னு கேட்டு வாங்கி மாட்டணும். ஒவ்வொரு இண்டிகேட்டருக்கும் ரெசிஸ்டர் போட்டும் சரி பண்ணலாம், ஆனா அது நெருப்பா சுடும், பிளாஸ்டிக் பக்கத்துல வச்சு கட்டிட்டுப் போறத பாத்தா எனக்கு வயித்த கலக்கும். எல்ஈடி வாங்கறதே கரண்ட் மிச்சம் பண்ணத்தான், அப்புறம் எதுக்கு ரெசிஸ்டர்ல சூடாக்கி வீணாக்கணும்.

நாலும் அடிக்கறதுக்கு காரணம் வேற. பழைய வண்டி ஸ்பீடாமீட்டர்ல இண்டிகேட்டருக்கு ஒரே ஒரு லைட்தான் இருக்கும், அந்த குட்டி பல்ப் லெஃப்ட் ஒயருக்கும் ரைட் ஒயருக்கும் நடுவுல மாட்டிருக்கும். லெஃப்ட் போட்டா கரண்ட் அது வழியா ரைட் சைடு பல்ப்ப தாண்டி எர்த்துக்குப் போகும், சாதா பல்ப்பா இருந்தா அந்தக் கொஞ்சூண்டு கரண்ட்ல எரியாது, எல்ஈடிக்கு அதுவே தாராளம், எரிஞ்சுடும். சரி பண்ண அந்த ஸ்பீடாமீட்டர் பல்ப்போட ரெண்டு ஒயரையும் பிரிச்சு, லெஃப்ட்ல இருந்து ஒண்ணு ரைட்ல இருந்து ஒண்ணுன்னு ரெண்டு 1என்4007 டயோட் போட்டு, வெள்ளிக் கோடு இருக்குற முனை ரெண்டையும் சேத்து பல்ப்போட ஒரு பக்கம் குடுத்து, மறுபக்கத்த எர்த் பண்ணிடுங்க. எலக்ட்ரானிக்ஸ் கடைல டயோட் சில்லறை காசுதான். ஸ்பீடாமீட்டர்ல லெஃப்ட் ரைட் தனித்தனி லைட் இருக்குற வண்டிக்கு இந்தப் பிரச்சனையே வராது.

கேள்வி: ஹெட்லைட்டுக்கு 100/90 வாட் பல்ப் போடலாமா? எல்ஈடி போடலாமா?

100/90 வேணாம். கம்பெனி குடுத்தது பெரும்பாலும் 35/35 வாட், ஒயரும் சுவிட்ச்சும் அதுக்குத் தகுந்த தடிமன்தான். ஹோல்டர் உருகும், ரிப்ளெக்டர் பொங்கும், எதிர்ல வர்றவனுக்கு கண்ணு கூசும். எல்ஈடின்னா முதல்ல உங்க வண்டி ஹெட்லைட் ஏசியா டிசியான்னு பாருங்க, இன்ஜின் ஓடாம எரிஞ்சா டிசிதான். ஏஎச்ஓ வண்டில இன்ஜின் ஓடாம எரியாதுங்கறதால மீட்டர் வச்சுத்தான் பாக்கணும். ஏசில சாதா எல்ஈடி மாட்டினா துடிச்சுக்கிட்டே இருக்கும். அதுக்காக டிசி கன்வெர்ஷன் பண்றவங்க ஒரு கணக்கு போட்டுக்கங்க, 35 வாட் பல்ப் கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும், 2.5 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரின்னா இன்ஜின் ஆஃப்ல ஒரு மணி நேரம் கூட தாங்காது, சார்ஜ் ஏத்துற காயிலும் சின்னது, தெனம் நைட் ஓட்டினா பேட்டரி எறங்கிக்கிட்டே போகும்.

கேள்வி: பிரேக் லைட் எரியல, இல்லன்னா எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கு.

முன் பிரேக் லிவர்ல ஒரு சுவிட்ச், பின் பெடல்ல ஸ்பிரிங் மாட்டின சுவிட்ச் ஒண்ணு, சில வண்டில பின்னாடி மட்டும்தான். ஒண்ணுல எரிஞ்சு இன்னொண்ணுல எரியலன்னா அந்த சுவிட்ச்தான், சந்தேகம்னா சுவிட்ச்சோட ரெண்டு ஒயரையும் சேத்துப் பாருங்க. எப்பவும் எரியுதுன்னா பெடல் சுவிட்ச் நட்ட அட்ஜஸ்ட் பண்ணணும், பின்னாடி பிரேக் டைட் வச்சதுக்கப்புறம் பலருக்கு இது வரும். பல்ப் மாட்டும்போது பக்கத்துல ரெண்டு குச்சி ஒரே உயரத்துல இருக்காது, மேல கீழன்னு இருக்கும், அத கவனிக்காம மாத்தி அழுத்தி மாட்டினா டேஞ்சர் லைட் பளிச்சுன்னும் பிரேக் மங்கலாவும் ஆயிடும்.

கேள்வி: பியூஸ் போட்ட உடனே போயிடுது. பெரிய பியூஸ் போடவா?

கூடவே கூடாது. சிகரெட் டப்பா வெள்ளி பேப்பர சுத்தறதும் கூடாது, பியூஸுக்குப் பதிலா ஒயரிங் செட் எரியும். 10 ஆம்பியர்னா 10, 15னா 15.

பியூஸ் எடத்துல ஒரு 21 வாட் பல்ப்ப கிளிப் போட்டு மாட்டுங்க. எல்லா சுவிட்ச்சும் ஆஃப்ல வச்சு சாவிய போடுங்க. பல்ப் புல்லா எரிஞ்சா எங்கயோ ஷார்ட் இருக்கு, பியூஸ் மாதிரி போகாம பல்ப் தாங்கிக்கும், நீங்க நிதானமா தேடலாம். எஃப்ஐ வண்டில பெட்ரோல் பம்ப் ஓடுற ஒண்ணு ரெண்டு செகண்ட் எரியும், அத கணக்குல எடுக்காதீங்க. இப்ப ஹேண்டில்பார இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்புங்க, நெக் பக்கத்துல ஒயர் மடிஞ்சு மடிஞ்சு தோல் உரிஞ்சிருந்தா திருப்பும்போது பல்ப் மாறும். அங்க இல்லன்னா சீட் அடில, மட்கார்டு போல்ட்டுல, டேங்க் அடில நசுங்கின எடம். அப்புறம் ஒவ்வொரு கப்ளரா கழட்டிட்டே வாங்க, எத கழட்டும்போது பல்ப் அணையுதோ அந்த லைன்தான். ஹாரன் அமுக்கும்போது மட்டும் பியூஸ் போகுதுன்னா இவ்வளவு தேடவே வேணாம், ஹாரன் ஒயர் ரெண்டு முழம்தான்.

கேள்வி: வாட்டர் சர்வீஸ் பண்ணினதுக்கப்புறம் ஹாரன் தானா அடிக்குது, செல்ஃப் எடுக்கல.

பிரஷர்ல ஹேண்டில் சுவிட்ச்சுக்குள்ள தண்ணி போயிருக்கு. சாவிய எடுத்துட்டு வெயில்ல விடுங்க, அவசரம்னா காத்து அடிச்சு கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே பண்ணுங்க. அடுத்த தடவ சுவிட்ச், மீட்டர் மேல பிரஷர் அடிக்க வேணாம்னு சர்வீஸ் பையன்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, சொன்னாலும் அடிப்பாங்க, அதனால பிளாஸ்டிக் கவர் கட்டிட்டுப் போங்க.

கேள்வி: நைட் நிறுத்தினா காலைல பேட்டரி டவுன்.

பேட்டரி மைனஸ் ஒயர கழட்டி, மீட்டர 10 ஆம்பியர் சாக்கெட்ல வச்சு ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவுல மாட்டுங்க, சாவி ஆஃப்லயே இருக்கட்டும், செல்ஃப் அமுக்கிடாதீங்க, மீட்டர் பியூஸ் போயிடும். டிஜிட்டல் கடிகாரம் இருந்தா சில மில்லி ஆம்பியர் காட்டும், அது பரவால்ல. நூறு இருநூறுன்னு போனா எதோ குடிச்சுக்கிட்டு இருக்கு. முதல் ஆளா வெளிய மாட்டின ஜிபிஎஸ், அலாரம், மொபைல் சார்ஜர கழட்டிப் பாருங்க. அதுக்கப்புறம் ஆர்ஆர் கப்ளர கழட்டுங்க, கரண்ட் நின்னா உள்ள டயோட் லீக்.

கேள்வி: ஒயர் கலர் வச்சு கண்டுபிடிக்கலாமா?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இதுல ஏமாந்தா செலவு. ஹோண்டா வழி வந்த வண்டில, ஸ்ப்ளெண்டரும் அதுல சேத்தி, பச்சை எர்த், கருப்பு சாவி போட்டா வர்ற பிளஸ், ஆரஞ்சு லெஃப்ட் இண்டிகேட்டர், வெளிர் நீலம் ரைட், பச்சைல மஞ்சக் கோடு பிரேக் லைட். யமஹால கருப்புதான் எர்த், பழுப்பு பிளஸ். ஹோண்டா பழக்கத்துல யமஹா கருப்ப பிளஸ்னு நெனச்சு தொட்டா பியூஸ் டப்புனு போகும். அதனால கலர ஒரு துப்பா மட்டும் வச்சுக்கிட்டு டெஸ்ட் லேம்ப் வச்சு உறுதி பண்ணிட்டு வெட்டுங்க.

கேள்வி: ஒயரிங் செட்டே மாத்தணும்னு மெக்கானிக் சொல்றாரு. அவசியமா?

எலி கடிச்சு பல எடத்துல போயிருந்தா, இல்ல ஷார்ட்ல எரிஞ்சு ஒயர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிருந்தா மாத்தறதுதான் நல்லது. ஒண்ணு ரெண்டு எடம்னா சாமி சத்தியமா வேணாம், அந்த எடத்துல அதே தடிமன் ஒயர் சேத்து சால்டர் வச்சு, சூட்டுல சுருங்குற ஸ்லீவ் போட்டா போதும், வெறும் டேப் சுத்தினா வெயில்ல பிசின் எளகி உரிஞ்சுடும். மாத்தித்தான் ஆகணும்னா உங்க வண்டியோட மாடல், வருஷம், கிக்கரா செல்ஃபா, டிரம்மா டிஸ்க்கா எல்லாம் சொல்லி வாங்குங்க, ஒரே பேரு வண்டிக்கே செட் மாறும். பழச கழட்டறதுக்கு முன்னாடி நெக், டேங்க் அடி, பேட்டரி பெட்டி மூணு எடத்தையும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கங்க, ஒயர் எந்தப் பக்கமா சுத்தி வருதுங்கறது அதுல தெரியணும். பழைய செட்ட கடைலயே விட்டுட்டு வராதீங்க, அதுல நல்லா இருக்குற கப்ளரும் பின்னும் பின்னாடி உதவும்.